உயிர் தப்பியவரின் சிலுவை



பெரும் விபத்தொன்று நிகழ்ந்தால் இறந்தவர்களுக்காக அழுகின்றோம். காயமுற்றோரைப் பார்க்க மருத்துவமனைக்கு விரைகின்றோம். ஆனால் உடலில் ஒரு கீறலும் இன்றி உயிர் தப்பியவரை நாம் தேடிச் செல்வது அரிது. ஆண்டவர் உங்களைக் காப்பாற்றிவிட்டார், நன்றி சொல்லுங்கள் என்று கூறிவிட்டு நகர்ந்துவிடுகின்றோம். அவரோ இரவில் உறக்கமின்றிக் கிடக்கின்றார். அவர்கள் போக, நான் ஏன் இருக்கின்றேன்? என்னால்தானே இது நேர்ந்தது? இக்கேள்விகளை அவர் எவரிடமும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

இக்கேள்வியைத் தம் தோளில் சுமந்த ஒரு புனிதரின் வாழ்வை இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம். அவரை நீங்கள் நன்கு அறிவீர்கள். உங்கள் இல்லத்தின் செபமேடையில் அவருடைய படமும் இருக்கக்கூடும். அவரே கொல்கத்தாவின் புனித அன்னை தெரேசா. அவருடைய நொபெல் பரிசை அறிந்திருக்கும் உங்களுள் பலர், தொலைதூர ஆபிரிக்கச் சிற்றூர் ஒன்றின் மண் ஓடுபாதையில் அவருக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள்.

அன்னை 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள், இன்று வட மசிடோனியாவின் தலைநகராக விளங்கும் ஸ்கோப்ஜே நகரில், அல்பானியக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். மறுநாளே திருமுழுக்குப் பெற்றார். ஆக்னஸ் கொன்ஜா என்பது பெற்றோர் இட்ட பெயர். 1919இல் தந்தை திடீரென மறைந்தார். தாய் திரானா தையலும் சிறு வணிகமும் செய்து மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். வறுமை வந்தபோதும் அத்தாய் தம் உணவு மேசையிலிருந்து ஏழைகளை விலக்கவில்லை.

1928ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், லொரேத்தோ சபைக் கன்னியராக விரும்பி ஆக்னஸ் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். வழியனுப்ப வந்த தாயை அவர் அதன்பின் இவ்வுலகில் பார்க்கவேயில்லை. பிற்காலத்தில் அல்பானியாவை ஆண்ட அரசு எல்லைகளை அடைத்துவிட்டது. தாய் 1972இல் தீரானா நகரில் இறந்தபோது, உலகின் பல நாடுகளுக்கும் சென்றுவர முடிந்த மகளால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் செல்ல முடியவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்குக் கப்பலேறிய உறவுகளை மீண்டும் காணாமலே கண்மூடிய பெரியவர்கள் உங்கள் குடும்பங்களிலும் இருந்திருப்பார்கள். அன்னையின் அத்துயரை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அயர்லாந்தில் சில வாரங்கள் ஆங்கிலம் கற்றபின் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அக்கப்பல் நமது கொழும்புத் துறைமுகத்தையும் பின்னர் சென்னையையும் தொட்டுச் சென்றது. 1929 ஜனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, அவர் கல்கத்தாவை அடைந்தார். அங்கிருந்து நவசந்நியாசப் பயிற்சிக்காக அனுப்பப்பட்ட இடமோ தேயிலை மலைகள் சூழ்ந்த டார்ஜிலிங். கூடையைத் தலையிலிருந்து தொங்கவிட்டுக் கொழுந்து பறிக்கும் பெண்களின் நாட்டில்தான் அவர் துறவறத்தின் முதல் பாடங்களைக் கற்றார். 1931 மே 24ஆம் நாள் முதல் வார்த்தைப்பாட்டை அளித்தார். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் நினைவாகத் தெரேசா என்னும் பெயரை ஏற்றார்.

ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கல்கத்தாவின் புனித மரியாள் பாடசாலையில் ஆசிரியையாகவும் பின்னர் அதிபராகவும் பணியாற்றினார். 1946 செப்டெம்பர் 10ஆம் நாள், ஆண்டுத் தியானத்துக்காக டார்ஜிலிங் நோக்கிப் புகையிரதத்தில் சென்றுகொண்டிருந்தபோது, ஏழைகளுள் ஏழைகளோடு வாழுமாறு இயேசு தம்மை அழைப்பதை உணர்ந்தார். திருச்சபையின் அனுமதிக்காகப் பொறுமையோடு காத்திருந்தார். 1948 ஓகஸ்ட் 17ஆம் நாள், நீலக்கரை இட்ட வெண்ணிறச் சேலை உடுத்தி மடத்தின் வாயிலைக் கடந்தார். பாட்னாவில் சில மாதங்கள் மருத்துவத் தாதிமைப் பயிற்சி பெற்று, அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் கல்கத்தாவின் சேரிக்குள் முதன்முறையாகப் பணிக்குச் சென்றார். 1950 ஒக்டோபர் 7ஆம் நாள், செபமாலை அன்னையின் திருநாளன்று, அவருடைய பிறரன்புப் பணியாளர் சபை கல்கத்தா மறைமாவட்டத்தில் முறையாக நிறுவப்பட்டது. 1952இல் காளிகாட்டில் இறக்கும் தறுவாயில் இருப்போருக்கான இல்லம் திறக்கப்பட்டது. தொழுநோயாளருக்கான பணியும் தொடர்ந்தது.

1965இல் வெனிசுவேலாவில் தொடங்கி அச்சபை உலகெங்கும் பரவியது. 1968இல் உரோமையிலும் ஆபிரிக்காவின் தன்சானியாவிலும் இல்லங்கள் எழுந்தன. நடந்தே பணியைத் தொடங்கிய அன்னை இப்போது அடிக்கடி விமானம் ஏறவேண்டியவரானார். பயணச் செலவு ஏழைகளின் பணமல்லவா என்று அவர் வருந்தினார். அதனை மிச்சப்படுத்த விமானப் பணிப்பெண்ணாக வேலை செய்யவும் தாம் ஆயத்தம் என்று இந்திய அரசிடம் கேட்டவர் அவர்! இறுதியில் அவருக்கு இலவசப் பயண வசதி அளிக்கப்பட்டது. விமானம் அவருக்கு ஒரு கருவி மட்டுமே. பாதை முடியும் இடத்தில் வாழும் மனிதரிடம் சென்று சேர்வதே அவருடைய நோக்கம்.

அந்நோக்கத்தோடுதான் 1986ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவர் தன்சானியாவில் இருந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு. தொடோமா நகருக்கு அருகே ஹொம்போலோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே தொழுநோயாளருக்கான மையம் ஒன்று இருந்தது. ஊரின் மண் ஓடுபாதையில் சிறு விமானங்களே வந்து இறங்கிச் செல்லும். பெரிய விமான நிலையங்களில் காணும் வேலியும் காவலும் இத்தகைய இடங்களில் இரா. விமானம் வருவதே ஊருக்குத் திருவிழா. மக்கள் ஓடுபாதையின் விளிம்புவரை வந்து நிற்பார்கள். கரடுமுரடான மண்ணில் ஓடும் சிறு விமானமோ, நிலத்தைவிட்டு எழும் வேகத்தை எட்டுவதற்கு முன் பாதையிலிருந்து சற்று விலகினாலும் ஆபத்துத்தான்.

ஒக்டோபர் 11ஆம் நாள் சனிக்கிழமை. சபையின் முப்பத்தாறாம் ஆண்டு நிறைவு கழிந்து நான்கே நாள்கள் ஆகியிருந்தன. அன்னையை வழியனுப்ப ஊர் மக்களும் அருட்சகோதரிகளும் ஓடுபாதையருகே கூடியிருந்தனர். அன்னை ஏறிய சிறு விமானம் புறப்பட ஓடியபோது பாதையைவிட்டு விலகி, கூடியிருந்த மக்கள்மீது பாய்ந்தது. ஐவர் உயிரிழந்தனர். அவருடைய சபையைச் சேர்ந்த அருட்சகோதரி ஒருவரும் அவர்களுள் ஒருவர். அன்னைக்கு எக்காயமும் ஏற்படவில்லை.

அந்நேரத்தின் கொடுமையைச் சற்றே எண்ணிப்பாருங்கள். அம்மக்கள் எதற்காக அங்கே வந்தார்கள்? அன்பினால் வந்தார்கள். ஒருமுறை கையசைத்து விடைகொடுக்க வந்தார்கள். அன்னை அவ்வூருக்கு வராதிருந்தால் அவர்கள் அன்று அந்த ஓடுபாதையின் ஓரத்தில் நின்றிருக்கமாட்டார்கள். தம் வருகையே இவ்விபத்துக்குப் பின்னால் இருக்கின்றது என்று அன்னை மனம் நொந்ததாக அந்நாளைய செய்திகள் தெரிவித்தன. புனிதர் என்று உலகம் போற்றிய ஒருவர், ஆறுதல் மொழிகளுள் ஒளிந்துகொள்ளாமல், அந்த வேதனையை வெளிப்படையாக ஏற்றார்.

சப்ரகமுவ மலைத்தோட்டங்களில் வாழும் வாசகர்களே, இத்தகைய துயரம் உங்களுக்குப் புதிதன்று. 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவிலிருந்து புனிதப் பயணிகளை மக்காவுக்கு ஏற்றிச் சென்ற விமானம், கட்டுநாயக்காவில் தரையிறங்க வரும் வழியில் நோர்ட்டன்பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதில் இருந்த 191 பேரும் மாண்டனர். இறைவனைத் தொழப் புறப்பட்டவர்கள் அவர்கள். 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து வீடுகளை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் அறைகள் மண்ணுக்குள் புதைந்தன. அங்கெல்லாம் உயிர் தப்பியவர்கள் இருக்கின்றார்கள். மழைநாளில் உறவினரைத் தம் வீட்டுக்கு வரச்சொன்னவர் ஒருவர். கொழும்பில் கடைவேலைக்குப் போயிருந்ததால் தாம் மட்டும் மிஞ்சியவர் இன்னொருவர். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்துக்கொண்டிருந்தபோது ஊரில் பிள்ளையை இழந்த தாய் மற்றொருவர். மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்று, பின்னால் அமர்ந்திருந்த தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் உங்கள் அடுத்த லயத்திலேயே இருக்கலாம்.

இவர்களுக்கு நற்செய்தி என்ன சொல்கின்றது? லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை இயேசு குறிப்பிடுகின்றார். அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் உறுதியாக மறுக்கின்றார். இறந்தவர் பாவத்தால் இறந்தார் என்றோ, தப்பியவர் புண்ணியத்தால் தப்பினார் என்றோ கணக்கெழுத நமக்கு உரிமை இல்லை. உயிரோடிருக்கும் ஒவ்வொருவரும் மனம் திரும்பவேண்டும் என்பதையே அவர் அங்கே வலியுறுத்துகின்றார்.

இன்னும் ஆழமான இடம் ஒன்று மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் உண்டு. இயேசு பிறந்ததைக் கேள்வியுற்ற ஏரோது பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொன்றான். திருக்குடும்பமோ முன்னரே எகிப்துக்குத் தப்பிச் சென்றது. மாசில்லாக் குழந்தைகளின் திருநாளை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 28ஆம் நாள் கொண்டாடும் நாம், மரியாவின் உள்ளத்தை எண்ணிப் பார்த்திருக்கின்றோமா? தம் மகனின் வருகையை அடுத்துப் பிற தாய்மாரின் மடிகள் வெறுமையாயின. அச்செய்தி எட்டியபோது மரியாவும் யோசேப்பும் எத்துணை துயருற்றிருப்பர்! ஆயினும் குற்றம் ஏரோதுடையது. குழந்தையின் வருகை குற்றமாகாது. அன்பின் வருகையை அடுத்துத் துன்பம் நேரலாம், அதனால் அன்பு பாவமாகிவிடுவதில்லை.

இதனைத் தெளிவாகப் பிரித்தறிவது மிகவும் தேவை. சாவான பாவத்துக்கு முழு அறிவும் மனமார்ந்த சம்மதமும் வேண்டும் என்று திருச்சபை கற்பிக்கின்றது. அறிந்து செய்த தவறு உண்டாயின், ஒப்புரவு அருட்சாதனம் இருக்கின்றது. இழப்பீடு செய்யும் கடமையும் இருக்கின்றது. மண்சரிவு அபாயம் உள்ளதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்த இடத்தில் மக்களைத் தொடர்ந்து குடியிருக்க விடுவோர், அதனை ஆண்டவரின் சித்தம் என்று கூறிக் கைகழுவ முடியாது. பொறுப்புடையோர் தம் பொறுப்பை ஏற்கட்டும். ஆனால் அப்பொறுப்பு ஏதும் இல்லாத ஓர் ஏழைத் தாய், பிறர் சுமக்கவேண்டிய பழியைத் தன் நெஞ்சில் சுமந்து வாடுவதை ஆண்டவர் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது தண்டனை அன்று, துணை.

அன்னை தெரேசா தம் துயரைச் சுமந்த விதம் நமக்கு இங்கே வழிகாட்டுகின்றது. அவர் உள்ளத்தில் ஒளிமயமான ஆறுதல் நிறைந்திருந்ததாகவே அந்நாளில் அனைவரும் எண்ணினர். 2007இல் நூலாக வெளிவந்த அவருடைய மடல்கள் வேறொன்றைக் காட்டின. சேரிப்பணியைத் தொடங்கிய காலம் முதல், இறைவன் தம்மைவிட்டு அகன்றுவிட்டார் என்ற இருள் அவரை வாட்டியது. சிறிதுகாலம் தவிர, இறுதிவரை அது நீங்கவில்லை. 1961ஆம் ஆண்டளவில் இயேசு சபைக் குரு ஜோசப் நொய்னரின் வழிகாட்டலால், அந்த இருளையும் இயேசுவின் சிலுவை வேதனையில் தமக்குக் கிடைத்த பங்காக ஏற்கக் கற்றுக்கொண்டார். ஆகவே ஹொம்போலோவின் துயரம் அவருக்கு நேர்ந்தபோது, அதனைத் தாங்க உள்ளத்தில் இனிய உணர்வு எதுவும் துணையாக இருந்திருக்குமா என்பது ஐயமே. விசுவாசம் ஒன்றே எஞ்சியிருந்தது. அதிகாலையில் எழுந்து திருப்பலியில் பங்கேற்றார், நற்கருணை முன் முழந்தாளிட்டார், செபமாலையைக் கையில் எடுத்தார், நோயாளியிடம் சென்றார். உணர்வு வரட்டும், பின்னர் பணி செய்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

விபத்துக்குப் பின்னரும் அவர் பயணங்களை நிறுத்தவில்லை. 1988 டிசம்பரில் ஆர்மேனியாவில் நிலநடுக்கம் ஏற்பட்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, எழுபத்தெட்டு வயதில் அங்கே சென்றார். 1989இல் கடும் மாரடைப்பு ஏற்பட்டு, இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டது. 1991இல், தாயும் தமக்கையும் துயிலும் அல்பானியாவில் தம் சபையின் இல்லத்தைத் திறந்தார். உயிரோடு காண இயலாத தாயின் நாட்டில், பிறருடைய தாய்மாரைப் பராமரிக்க வழி செய்தார்! 1997 செப்டெம்பர் 5ஆம் நாள் இறைவனடி சேர்ந்தபோது, அவருடைய சபையில் ஏறத்தாழ 4,000 அருட்சகோதரிகள் 123 நாடுகளில் பணியாற்றிக்கொண்டிருந்தனர். 2003 ஒக்டோபர் 19இல் திருத்தந்தை இரண்டாம் ஜோன் போல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2016 செப்டெம்பர் 4இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் அறிவித்தனர். தமக்குக் கிடைத்த பதினோர் ஆண்டுகளையும் அவர் பிறருக்கே செலவிட்டார். உயிர் தப்பியவர் செலுத்தக்கூடிய காணிக்கை அதுவே.

அன்புக்குரியவர்களே, உங்கள் தோட்டத்தில், உங்கள் பங்கில், இத்தகைய பாரத்தோடு வாழ்பவர் யார் என்று இவ்வாரம் நினைத்துப் பாருங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டுத் திரும்பும் வழியில் எவரோடும் பேசாமல் நடப்பவராக அவர் இருக்கலாம். அவரிடம் சென்று அமருங்கள். நீ அன்று அப்படிச் செய்யாதிருந்தால் என்று தொடங்கும் பேச்சு வேண்டாம். எல்லாம் நன்மைக்கே என்ற அவசர ஆறுதலும் வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லி அவரைப்பற்றிக் கேளுங்கள். அவருக்காகத் திருப்பலிக் கருத்து ஒப்புக்கொடுங்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றும்போது உயிரோடிருப்பவரின் கையையும் பற்றிக்கொள்ளுங்கள். துயரம் மிகுந்து உறக்கமும் உணவும் கெட்டால், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் பிறரன்புச் செயலே.

அப்பாரத்தைச் சுமப்பவர் நீங்களாகவே இருந்தால், ஒன்றைமட்டும் நினைவிற்கொள்ளுங்கள். உயிர்த்த ஆண்டவரின் கைகளில் ஆணித்தழும்புகள் அப்படியே இருந்தன. உங்கள் தழும்பும் மறையாதிருக்கலாம். அத்தழும்புள்ள கையாலேயே இன்னொருவரைத் தூக்கிவிட உங்களால் முடியும். வருகையின் துயரைத் தாங்கிய அன்னை உங்களுக்காகப் பரிந்து பேசுவார்.

செபம்: இரக்கமுள்ள ஆண்டவரே, மண்ணிலும் நீரிலும் வானிலும் எதிர்பாராத வேளையில் உயிரிழந்த எங்கள் உறவுகளை உமது அமைதியில் சேர்த்தருளும். அவர்களுக்குப் பின் வாழும் எங்களைப் பொய்யான பழியுணர்வினின்று விடுவித்தருளும். எங்கள் தவறுகளுக்கு மன்னிப்பையும், எங்கள் துயருக்குத் துணையையும், எஞ்சிய நாள்களுக்கு ஒரு பணியையும் தந்தருளும். புனித அன்னை தெரேசாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.